எண்களும் உயிரும்

நுழையும்முன்

உயிருக்குப் போராடும் ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்ததும் உறவினர் கேட்கும் முதல் வினா, "பிழைத்துவிடுவாரா?" என்பதே. மருத்துவர் தம் பட்டறிவால் மட்டும் கூறிவந்த விடைக்குக் கணிதத்தையும் துணைசேர்த்தது இருபதாம் நூற்றாண்டு மருத்துவம். அக்கணிப்பு செய்யப்படும் முறையையும் அதன் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தீவிர சிகிச்சையின் தோற்றம்

1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாத நோய் வேகமாகப் பரவியது. மூச்சுத்தசைகள் செயலிழந்த நோயாளிகள் மருத்துவமனையில் குவிந்தனர். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், நோயாளியின் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, காற்றுப்பையை அழுத்திச் சுவாசம் அளிக்கச் செய்தார். போதிய கருவிகள் இல்லாமையால், ஏறத்தாழ 1500 மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்துக் கையாலேயே பையை அழுத்தினர். இறப்பு விகிதம் பெரிதும் குறைந்தது. இப்பட்டறிவின் பயனாக 1953இல் அந்நகரில் தனியே தீவிர சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. பிற நாடுகளிலும் இத்தகைய பிரிவுகள் பெருகியபோது, நோயின் கடுமையை அளக்கப் பொதுவானதோர் அளவுகோல் தேவைப்பட்டது.

பன்னிரண்டு அளவீடுகள்

அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் நாஸும் அவர்தம் குழுவினரும் 1981இல் 'அப்பாச்சி' என்னும் மதிப்பீட்டு முறையை வெளியிட்டனர். 1985இல் வெளிவந்த அதன் இரண்டாம் வடிவம் உலகெங்கும் பரவியது.

உடல் வெப்பநிலை, குருதி அழுத்தம், இதயத்துடிப்பு, மூச்சு வீதம், குருதியிலுள்ள ஆக்சிஜன், சோடியம், பொட்டாசியம், நினைவுநிலை முதலிய 12 அளவீடுகளை இம்முறை கணக்கில் கொள்கிறது. முதல் 24 மணி நேரத்தில் ஒவ்வொன்றிலும் பதிவான மிக மோசமான அளவுக்கு மதிப்பெண் இடப்படும். எடுத்துக்காட்டாக, இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 70 முதல் 109 வரை இருப்பின் மதிப்பெண் 0; 180ஐ எட்டினாலோ 39க்கு இறங்கினாலோ 4. அகவைக்கும் நாட்பட்ட நோய்களுக்கும் தனி மதிப்பெண்கள் உண்டு. மொத்த மதிப்பெண் 0 முதல் 71 வரை அமையும். மதிப்பெண் கூடக் கூட இடரும் கூடும். எனினும், ஒரே மதிப்பெண் பெற்ற இருவருக்கு இடர் ஒன்றாக இருப்பதில்லை; நோயின் தன்மைக்கேற்ப அது மாறும். ஆதலால், மதிப்பெண்ணோடு நோயையும் சேர்த்தே இறப்பின் நிகழ்தகவு கணக்கிடப்படுகிறது.

எண் யாரைப் பற்றியது?

இறப்பின் நிகழ்தகவு 40 விழுக்காடு என்பதன் பொருள் என்ன? அதே நிலையிலுள்ள நூறு பேரில் ஏறத்தாழ நாற்பது பேர் இறக்கக்கூடும், அறுபது பேர் பிழைக்கக்கூடும் என்பதே. நம் கண்முன் படுத்திருக்கும் நோயாளி அந்த நாற்பதில் ஒருவரா, அறுபதில் ஒருவரா என்பதை எண் கூறாது. எண்ணை மட்டும் நம்பிச் சிகிச்சையைக் கைவிட்டால், கைவிட்டதனாலேயே நோயாளி இறக்க நேரிடும். கணிப்பும் உண்மையானது போலத் தோன்றிவிடும். மேலும், மருத்துவம் வளர வளரப் பழைய கணிப்புகள் பொருந்தாமற் போவதால், அவற்றை அவ்வப்போது திருத்தியமைக்க வேண்டியுள்ளது.

மருத்துவமனைக்கு ஓர் உரைகல்

அவ்வாறாயின் இக்கணிப்பால் பயன் என்ன? நாஸ் குழுவினர் 13 மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 5030 நோயாளிகளை ஆராய்ந்து, 1986இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு மருத்துவமனையில் 69 இறப்புகள் கணிக்கப்பட்டிருக்க, நிகழ்ந்தவை 41 மட்டுமே. மற்றொன்றில் கணித்ததைவிட 58 விழுக்காடு மிகுதியான இறப்புகள் நிகழ்ந்தன. கணிப்பு இல்லையெனில் இவ்வேறுபாடு, 'நோயாளிகளின் நிலை அப்படி' என்று கடந்து செல்லப்பட்டிருக்கும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? சிறப்புச் சிகிச்சை முறைகளையோ மருத்துவக் கல்வி நிலையம் என்னும் பெருமையையோவிட, மருத்துவர்களும் செவிலியர்களும் தம்முள் கலந்துபேசி ஒருங்கிணைந்து பணியாற்றிய பாங்கே பெரிதும் காரணமென ஆய்வாளர்கள் கண்டனர்.

நோயாளியைப் பற்றிய தீர்ப்பாக அன்றி, அவரைக் காப்போரின் பணியை உரசிப்பார்க்கும் உரைகல்லாகவே இந்த எண் பெரிதும் பயன்படுகிறது. கணிக்கப்பட்ட 69 இறப்புகளை 41ஆகக் குறைத்தது மனிதர்களின் கூட்டுழைப்பே.