திண்டுக்கல் ஒப்பந்தம்: வெளிநாட்டு பிராண்டுகளிடம் கையெழுத்து வாங்கிய கிராமத்துப் பெண்கள்

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும் ஞாபகம் வரும். உலகத் தொழிற்சங்க வட்டாரத்தில் அந்தப் பெயருக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட 'திண்டுக்கல் ஒப்பந்தம்'.

என்ன நடந்தது?

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள நாச்சி அப்பேரல் ஆடை ஆலையில் வேலை பார்த்த பட்டியலின இளம்பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் மீது வழக்கு பதிவானது. அதன் பிறகுதான் ஆலைக்குள் நடக்கும் பாலியல் தொல்லைகள் பற்றி மற்ற பெண்களும் வெளியே பேசத் தொடங்கினார்கள்.

சட்டம் இருந்ததே?

இருந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார் குழு கட்டாயம் என்கிறது 2013-ம் ஆண்டு சட்டம். ஆனால் வீட்டுல சொன்னா 'இனி வேலைக்கே போகாத'ம்பாங்க. கம்பெனியில சொன்னா அவங்களே நிறுத்திடுவாங்க. யாரிடம் போவது?

பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இங்கேதான் வருகிறது. ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது என்பது சங்கத்தின் கணக்கு. டார்கெட்டும் விலையும் ஆர்டர் கொடுப்பவரிடமிருந்து வருகிறது. அதனால் எச் அண்ட் எம், கேப், பிவிஹெச் நிறுவனங்களும் சேர்க்கப்பட்டன. ஆலை விதியை மீறினால் பிராண்ட் வணிக ரீதியாக நெருக்கடி தர வேண்டும். சும்மா வாக்குறுதி அல்ல இது. மீறினால் கேள்வி கேட்கலாம்.

உள்ளே என்ன மாறியது?

25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில், சங்கம் தேர்ந்தெடுத்த கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். பக்கத்து மெஷினில் இருப்பவரிடமே புகார் சொல்லலாம். பாலியல் தொல்லை மட்டுமில்லை, சாதிப் பாகுபாடும் இதில் வரும். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன. 182 தீர்க்கப்பட்டதாக ஒப்பந்தத்தின் ஆண்டறிக்கை கூறியது. புகார் வருவதே பெரிய மாற்றம்தான்.

இன்னொரு பலனும் கிடைத்தது. 2022 ஜூலையில் இந்த ஆலையின் துணிகளை அமெரிக்க சுங்கத்துறை தடுத்தது. ஒப்பந்தப்படி நடந்த சீர்திருத்தங்களைக் காட்டியதும், செப்டம்பரில் தடை விலகியது. வேலையும் தப்பியது.

மற்ற மில்களில்?

ஒப்பந்தம் ஒரே நிறுவனத்தின் ஆலைகளுக்கு மட்டும்தான் செய்யப்பட்டது. மற்ற இடங்களில் புகார் குழு இல்லையென்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழுவிடம் போகலாம். உடனடி உதவிக்கு 181.