திருகாணியின் சுயராஜ்யம்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்பதே நம்மவர் நினைவுக்கு வரும். இக்காலத்தில் அவ்வூருக்கு மற்றொரு கீர்த்தியும் சேர்ந்திருக்கிறது. அடுத்துள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் வருஷம் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனால்ட்-நிஸான் கார்த் தொழிற்சாலையும், 2012-இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. இவ்வட்டாரத்து வண்டிகள் கப்பலேறிப் பல தேசங்களுக்குச் செல்கின்றன.

கப்பலேறும் காரைக் கண்டு மகிழ்கிறோம். அதனுள் அடங்கிய ஆயிரக்கணக்கான உறுப்புகளைச் செய்தவர் யார் என்று கேட்பவர் சிலரே. அவற்றைச் செய்பவர்களுக்கென்று அகில இந்திய சங்கம் ஒன்று உண்டு. 'ஆக்மா' என்று வழங்கும் அச்சங்கத்தின் சரித்திரம் நாம் அறியத்தக்கது.

அந்நிய ஆட்சியில் இந்தியாவில் மோட்டார்கள் ஓடினவே தவிர, பெரும்பாலும் பிறக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு ஆகிய கம்பெனிகள் பெட்டிகளில் வந்த பாகங்களை இங்கே பூட்டி விற்றன. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் அருமையானபோது, மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் கரிவாயுவால் பஸ்களை ஓட்டும் கருவியைச் செய்வித்தார். பிறர் கையை எதிர்பார்ப்பவன் வண்டி நடுவழியில் நிற்கும் என்பதை யுத்தம் நமக்குக் கற்பித்தது.

சுதந்திரம் வந்த பின்னர், 1953-இல், இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டமில்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று சர்க்கார் தீர்மானித்தது. மேற்சொன்ன இரு கம்பெனிகளும் கடையைக் கட்டின. இனி ஒவ்வொரு திருகாணியையும் நாமே செய்தாக வேண்டும். 1959-இல் மோட்டார்த் துணைத் தொழிலாளர்களான முதலாளிகள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். அடுத்த சில வருஷங்களில் சென்னைக்கு அருகே பாடியில் லூகாஸ்-டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா முதலிய தொழிற்சாலைகள் எழுந்தன.

சுங்கவரி என்னும் மதில் இத்தொழிலைக் காத்தது. ஆனால் மதிலுக்குள் போட்டி குறைவு. போட்டி குறைந்த இடத்தில் செய்நேர்த்தி தூங்கிவிடும். 1982-இல் சங்கம் இன்றைய பெயரைப் பெற்றது. மறுவருஷமே மாருதி கார் ஜப்பானியக் கண்டிப்புடன் வந்து சேர்ந்தது. 1991-இல் மதிலும் தாழ்ந்தது. சர்க்காரிடம் வரிகளைப் பற்றி மனுச் செய்துவந்த சங்கம், அங்கத்தினர்களுக்குத் தரத்தைப் போதிக்கவும் அயல்நாட்டுக் கண்காட்சிகளுக்கு அழைத்துச் செல்லவும் முற்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் சுந்தரம் பாஸனர்ஸ், ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடிகள் விற்றது. ஒரு காலத்தில் நமக்குப் பெட்டிகளில் பாகம் அனுப்பிய கம்பெனி அல்லவா அது!

2023-24-இல் 2,120 கோடி டாலர் பெறுமான பாகங்கள் ஏற்றுமதியாயின. இறக்குமதி 2,090 கோடி டாலர் என்று சங்கம் கணக்குக் காட்டியது. அவ்வருஷம் தராசின் முள் நம் பக்கம் சாய்ந்திருந்தது, ஆனால் மயிரிழைதான்.

அம்முள்ளைத் திருப்பிவிடக்கூடிய காற்று இப்போது வீசுகிறது. மின்சாரக் காருக்குப் பிஸ்டன் வேண்டாம், கிளட்ச் வேண்டாம், புகைபோக்கியும் வேண்டாம். அதற்கு உயிரான பாட்டரியின் செல்களோ பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. பெரிய கம்பெனிகள் புதுத் தொழிலுக்கு மாறிக்கொள்ளும். கடன் வாங்கி இரண்டு கடைசல் யந்திரம் வைத்து அம்பத்தூரிலோ திருமுடிவாக்கத்திலோ பிழைப்பவர் என்ன செய்வார்? அவரையும் கைப்பிடித்து அழைத்துச் செல்வதில்தான் சங்கத்தின் பெருமை இருக்கிறது. இல்லையேல், முன்போல் பெட்டியில் வந்ததைப் பூட்டும் தேசமாக நாம் மீண்டும் ஆகிவிடுவோம்.