படிக்கும்போதே பந்தயக் கார் அனுபவம்: பொறியியல் மாணவர்களுக்கு மோட்டார் பந்தய உள்ளகப் பயிற்சி தருவது என்ன?

திருவனந்தபுரம்: பொன்முடிக்குச் செல்லும் மலைச்சாலை, கல்லாறைக் கடந்ததும் 22 கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறுகிறது. அதில் இறங்கிவரும் வாகனத்தின் பிரேக் ஏன் சூடேறி வலுவிழக்கிறது என்பதை இயந்திரப் பொறியியல் மாணவர் பாடநூலில் படித்திருப்பார். ஆனால், அந்த வெப்பத்தைத் தாமே அளந்து, ஒரு பாகத்தை மாற்றி வடிவமைத்து, மறுநாள் அது தாங்குகிறதா எனச் சோதிக்கும் வாய்ப்பு வகுப்பறையில் அரிது. படிக்கும் காலத்திலேயே அதனை அளிக்கும் துறைகளுள் ஒன்று மோட்டார் பந்தயம்.

இன்டர்ன்ஷிப் எனப்படும் உள்ளகப் பயிற்சியை, பொறியியல் படிப்பின் கட்டாயப் பகுதியாக அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு ஆக்கியுள்ளது. எனினும் பலருக்கு அது இரு வார ஆலைப் பார்வையாகவும், ஒரு சான்றிதழாகவும் முடிந்துவிடுகிறது. பந்தயக் களத்தில் அவ்வாறு முடிக்க இயலாது. பந்தய நாள் எவருக்காகவும் தள்ளிப்போவதில்லை. செய்த பாகம் தாங்கியதா இல்லையா என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.

கோவையில் ஒரு வாசல்

இதற்கான முதல் படி, கல்லூரியிலேயே இயங்கும் பந்தய அணி. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே தடத்தில் நடைபெறும் 'ஃபார்முலா பாரத்' போட்டிக்கு, மாணவர்களே ஒற்றை இருக்கை காரை வடிவமைத்து, உருவாக்கி, ஓட்டிக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் 1981-இல் தொடங்கிய 'ஃபார்முலா எஸ்ஏஇ' போட்டியின் வழிவந்தது இது. 1980-களில் மாருதி 800 பாகங்களைக் கொண்டு 'ஃபார்முலா மாருதி' கார்களை உருவாக்கிய கோவையின் எஸ். கரிவரதன் பெயரையே இத்தடம் தாங்கி நிற்கிறது.

இவ்வகைப் போட்டியில் வேகம் மட்டும் வெற்றி தராது. மொத்தம் 1,000 மதிப்பெண்களில் வடிவமைப்பு விளக்கத்துக்கு மட்டும் 150 உண்டு. செலவுக் கணக்கு, வணிகத் திட்டம் ஆகியவற்றுக்கும் தனி மதிப்பெண்கள் உள்ளன. "இந்தக் குழாயின் தடிமன் ஏன் இவ்வளவு?" என்று நடுவர் கேட்டால், மூத்த மாணவர்கள் அப்படிச் செய்தார்கள் என்ற பதில் எடுபடாது.

தடத்தில் இறங்குவதற்கு முன்பு காரை 60 பாகை சாய்த்துப் பார்ப்பார்கள். எரிபொருள் கசியக் கூடாது, கார் கவிழவும் கூடாது. பிரேக்கை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் கார்களில் என்ஜினுக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள, ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணய அளவிலான துளை வழியாகவே செல்ல வேண்டும். இவற்றைக் கடந்தாலும், சுமார் 22 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டம் காத்திருக்கிறது. பாதி வழியில் என்ஜினை நிறுத்தி ஓட்டுநரை மாற்ற வேண்டும். சூடேறிய என்ஜின் மீண்டும் இயங்க மறுத்து, ஓராண்டு உழைப்பு அந்த இடத்திலேயே நின்றுபோன அணிகள் உலகெங்கும் உண்டு.

மின்சாரக் கார்களுக்கும் தனிப் பிரிவு உள்ளது. சென்னை ஐஐடியின் 'ராஃப்தார்' அணி தனது முதல் மின்சாரப் பந்தயக் காரை 2022-இல் வெளியிட்டது. திருவனந்தபுரம் பார்ட்டன்ஹில் அரசு பொறியியல் கல்லூரியின் 'பிரவேகா' அணி, அதே ஆண்டு இந்தோனேசியாவின் மண்டலிகா தடத்தில் நடந்த ஷெல் ஈகோ-மாரத்தானில் 'வண்டி' என்று பெயரிட்ட மின்வாகனத்துடன் பங்கேற்றது. அங்கே அளவுகோல் வேகம் அன்று, ஆற்றல் சிக்கனம்.

பந்தய அணியில் என்ன வேலை?

கல்லூரி அணியில் தேர்ந்தவர்கள் அடுத்து நாட வேண்டியவை தொழில்முறை அணிகள். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை தடத்திலும் கோவையிலும் தேசியப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. புதியவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் எளிய வேலைதான்: டயரின் காற்றழுத்தத்தைக் குறிப்பது, எரிபொருளை எடைபோடுவது, முடுக்கிய போல்ட்டில் வண்ணக் கோடிடுவது.

இவற்றை எடுபிடி வேலை என்று ஒதுக்குவது பிழை. ஓடி நின்ற டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களில் வெப்பம் அளக்கப்படுகிறது. நடுப்பகுதி மட்டும் மிகுந்து சூடாகியிருந்தால் காற்று அதிகம். உள்விளிம்பு அளவுக்கு மீறிச் சூடாகியிருந்தால் சக்கரத்தின் சாய்வு அதிகம். அட்டவணையை நிரப்புபவர் அதனைப் படிக்கவும் கற்றுக்கொண்டால், அடுத்த பந்தயத்தில் அவரிடம் கருத்துக் கேட்பார்கள்.

விண்ணப்பத்தில் மதிப்பெண் பட்டியலைவிட, தாம் செய்த ஒரு பாகம், அதன் கணக்கீடு, அது எங்கே உடைந்தது என்பதை இரு பக்கங்களில் விளக்குவது பயன்தரும். ஊதியம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். பயணச் செலவும் உண்டு. ஆகவே தங்குமிடம், விபத்துக் காப்பீடு, யாருடைய மேற்பார்வை என்பவற்றை முன்னதாகக் கேட்டறிய வேண்டும். பயிற்சிக்கே கட்டணம் கேட்பவர்களிடம், எந்தக் காரில் என்ன வேலை என்று எழுத்தில் கேட்பது நல்லது.

ஃபார்முலா 1 அணிகள் பெரும்பாலும் இங்கிலாந்தில் உள்ளன. அவை பட்டப்படிப்பின் இடையே ஓராண்டுப் பயிற்சி அளித்தாலும், அந்நாட்டில் பணிபுரியும் உரிமை இல்லாத இந்திய மாணவர்களுக்கு விசாவே பெருந்தடை. கல்லூரி அணியில் சேர அத்தகைய தடை ஏதுமில்லை. முதலாம் ஆண்டிலேயே சேர்ந்து, பிரேக் அல்லது மின்கம்பி அமைப்பு என ஏதேனும் ஒரு பிரிவில் இரண்டு கார்கள் முடியும் வரை நீடிப்பவர்களுக்கு, முதல் காரில் கண்ட குறையை இரண்டாவதில் தாமே திருத்தும் வாய்ப்பு கிடைக்கிறது.