கள மருத்துவமனையில் தொண்டர் பணி

2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் காலை, குஜராத் மாநிலத்தின் கட்ச் பகுதியைக் கடும் நிலநடுக்கம் தாக்கியது. அரசுக் கணக்கின்படி அம்மாநிலத்தில் 13,805 பேர் உயிரிழந்தனர், சுமார் 1.67 இலட்சம் பேர் காயமுற்றனர். புஜ் நகரின் பொது மருத்துவமனையே இடிந்து வீழ்ந்தமையால், திறந்தவெளியில் சிகிச்சையளிக்க நேர்ந்தது. பின்னர் செஞ்சிலுவைச் சங்கம், இஸ்ரேல் இராணுவம் ஆகியவற்றின் கள மருத்துவமனைகள் அங்குச் செயல்பட்டன.

இத்தகைய இடங்களில் தொண்டரின் பங்கு யாது? மருத்துவரின் நேரமே அங்கு மிக அரிதான பொருள். மருத்துவர் அல்லாதாரும் செய்யத்தக்க பணிகளைத் தொண்டர் ஏற்கும்போது அந்நேரம் மிச்சமாகிறது. தூக்குப் படுக்கை சுமத்தல், குடிநீரில் குளோரின் கலத்தல், கழிப்பிடங்களைப் பராமரித்தல், பெயர்ப் பதிவு, மொழிபெயர்ப்பு ஆகியன இவ்வகையின.

வந்த வரிசையில் கவனிக்கும் முறை பேரிடரில் பொருந்தாது. உடனடிச் சிகிச்சை தேவைப்படுவோருக்குச் சிவப்பு, சற்றுக் காத்திருக்கக்கூடியோருக்கு மஞ்சள், இலேசான காயமுற்றோருக்குப் பச்சை, இறந்தோருக்கும் பிழைக்க வாய்ப்பற்றோருக்கும் கறுப்பு என அடையாள அட்டைகள் இடப்படுகின்றன. உரக்க அழுபவரிடம் இரக்கம் கொண்டு அவரை முன்னே அனுப்பினால், ஓசையின்றிக் கிடக்கும் மற்றொருவர் உயிரிழக்கக்கூடும்.

பதிவுப் பணியும் எளிதன்று. இடிபாட்டில் பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தவர், மீட்கப்பட்டவுடன் நலமாகவே தோன்றலாம். எனினும், சிதைந்த தசையிலிருந்து வெளிப்படும் பொட்டாசியம் இதயத்தையும், தசைப் புரதம் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். எனவே, 'எத்தனை மணி நேரம் சிக்கியிருந்தார்' என்னும் ஒரு வரிக் குறிப்பு உயிர்காக்கும் குறிப்பாகும்.

அழைப்பும் பயிற்சியுமின்றி விரைந்து வருவோர், பாதிக்கப்பட்டோருக்குரிய நீரையும் உணவையும் இடத்தையுமே பங்கிட்டுக்கொள்கின்றனர். நல்லெண்ணம் மட்டும் போதுமானதன்று.

இதனை உணர்ந்தே, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் 'ஆப்தா மித்ரா' திட்டத்தைத் தொடங்கியது. வெள்ள அபாயம் மிக்க 30 மாவட்டங்களில், மாவட்டத்திற்கு 200 பேர் வீதம் 6,000 பேருக்குப் பயிற்சியளிப்பது அதன் முதற்கட்ட இலக்கு. பின்னர் அது 350 மாவட்டங்களில் ஓர் இலட்சம் பேர் என விரிவாக்கப்பட்டது. அண்டை வீட்டாரே முதலில் உதவிக்கு வருபவர் என்பதால், உள்ளூரிலேயே பயிற்சி பெற்றோர் இருப்பது இன்றியமையாதது.

புஜ் மருத்துவமனை, நில அதிர்வைத் தணிக்கும் அடித்தாங்கிகளுடன் மீண்டும் கட்டப்பட்டு 2004இல் திறக்கப்பட்டது. கட்டடத்தை முன்கூட்டியே உறுதி செய்வதுபோல், தொண்டரையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்தல் வேண்டும். பேரிடர் நேர்ந்தபின் பயிற்சிக்கு நேரமிராது.