ஒலி ஆர்வலர்

ஒலி ஆர்வலர் (ஆடியோபைல்) என்பவர், பதிவு செய்யப்பட்ட இசையை அதன் மூல ஒலிக்கு இயன்றவரை நெருக்கமாகக் கேட்க விரும்புபவர் ஆவார். இசையை விரும்பும் எல்லோரும் ஒலி ஆர்வலர் அல்லர். பாடகர் மூச்சு வாங்கும் இடம், தம்புராவின் ரீங்காரம், மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை எவ்வளவு குறையாமல் தம் காதுக்கு வந்து சேர்கின்றன என்பதையும் இவர் கவனிக்கிறார். விலை உயர்ந்த ஒலிக்கருவிகள் வைத்திருப்பவர் என்ற பொருளிலும் இச்சொல் வழங்குகிறது. ஆனால் கருவி இதில் ஒரு பகுதி மட்டுமே.

சொற்பொருள்

கேட்டலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் விருப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் இணைந்து ஆடியோபைல் என்ற சொல் உருவானது. வீடுகளில் இசைக்கருவித் தொகுதிகள் பெருகிய 1950-களில் இது பரவியது. அக்காலத்தில் புழக்கத்துக்கு வந்த 'ஹை-பை' என்பதும் மூலத்துக்கு உண்மையாக இருத்தல் என்ற கருத்தையே குறிக்கிறது. எனவே ஒலி ஆர்வலரின் அடிப்படைக் கேள்வி, மூலத்தில் இருந்தது எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதாகும்.

ஒலிப்பதிவுக்கு முன்: திருத்தணி

இக்கேள்வி ஒலிப்பதிவுக்கும் முந்தையது. ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையை இம்மலைக்கோயிலில் இயற்றினார் என்பது இசை மரபு. மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்ற கீர்த்தனையே அது.

தீட்சிதர் 1835-இல் மறைந்தார். எடிசனின் போனோகிராப் 1877-இல்தான் வந்தது. ஆகவே தீட்சிதரின் குரலுக்குப் பதிவு கிடையாது. அவருடைய பாடல்கள் குரு சீடர் வழியாகவே காக்கப்பட்டன. அவரது குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற நூலைத் தெலுங்கில் வெளியிட்டார். அதில் சுரங்களோடு கமகங்களுக்கும் தனிக் குறியீடுகள் உள்ளன. சுரத்தை மட்டும் எழுதினால் அதன் அசைவு தொலைந்துவிடும் என்ற கவலை அக்குறியீடுகளில் தெரிகிறது. எழுத்தில் செய்யப்பட்ட இம்முயற்சியின் நோக்கமும் ஒலி ஆர்வலரின் நோக்கமும் ஒன்றே.

இசைத்தட்டுக் காலம்

கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் 1902-இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தார். அரக்கால் ஆன 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிட இசையே அடங்கியது. விரிவாகப் பாட வேண்டிய கீர்த்தனைகள் சுருக்கப்பட்டன. தொடக்கத்தில் கூம்புக் குழலுக்குள் உரக்கப் பாட வேண்டியிருந்தது. 1925-இல் மைக் மூலம் பதிவு செய்யும் மின்முறை வந்த பிறகே மெல்லிய ஒலிகளும் தட்டில் ஏறின.

தீட்சிதர் கீர்த்தனைகளை வாசிப்பதில் பெயர்பெற்ற வீணை தனம்மாள் (1867–1938) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் இல்லத்தில் நடந்த வெள்ளிக்கிழமைக் கச்சேரிகளுக்கு வந்தவர்கள், அவருடைய மென்மையான வாசிப்பைக் கேட்க முழு அமைதி காத்தனர். அவருடைய வாசிப்பு 1930-களில் இசைத்தட்டிலும் பதிவானது. பழைய தட்டுகளின் கரகரப்பை இன்று கணினியால் நீக்க முடியும். ஆனால் அளவு மீறி நீக்கினால், தந்தியை மீட்டும் விரலின் நுண்ணொலியும் சேர்ந்து போய்விடும். சுத்தமான ஒலியும் உண்மையான ஒலியும் எப்போதும் ஒன்றல்ல.

எண்ணிம ஒலி

1948-இல் வந்த எல்.பி. தட்டு ஒரு பக்கத்துக்கு 20 நிமிடங்களுக்கு மேல் இடம் தந்தது. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை நொடிக்கு 44,100 முறை 16 பிட் அளவில் அளந்து எண்களாகச் சேமிக்கிறது. மனிதர் கேட்கக்கூடிய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்கு இது போதுமானது. எம்.பி.3 முறை, காது கவனிக்காது எனக் கணிக்கும் பகுதிகளை நீக்கிக் கோப்பைச் சிறிதாக்குகிறது. மிகவும் சுருக்கிய கோப்பில் தாளம், தம்புரா போன்றவற்றின் நுண்மை மங்குவதைக் கேட்டு உணரலாம்.

கருத்து வேறுபாடு

குறுந்தகட்டைவிட உயர்தரக் கோப்புகள் மேலும் நன்றாக ஒலிக்கின்றன என்று ஒலி ஆர்வலர் பலர் கூறுகின்றனர். எது எது என்று சொல்லாமல் கேட்க வைக்கும் மறைமுகச் சோதனை இதைப் பரிசோதிக்க உதவுகிறது. 2007-இல் மேயர், மோரன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், 554 சோதனைகளில் 276 விடைகளே சரியாக இருந்தன. இது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு நிகர். 2016-இல் ஜோசுவா ரீஸ் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, மிகச் சிறிய வேறுபாட்டை மக்கள் உணர முடிவதாகவும், பயிற்சி பெற்றவர்களிடம் அத்திறன் கூடுவதாகவும் கண்டார். ஆகவே பணத்தைவிடப் பயிற்சியே கூடுதல் பயன் தரும் எனலாம்.

கேட்கும் முறை

செலவின்றித் தொடங்க விரும்புவோர் முதலில் அறையைக் கவனிக்கலாம். வெற்றுச் சுவரும் வழவழப்பான தரையும் ஒலியை எதிரொலித்துக் குழப்பும். திரைச்சீலை, பாய், புத்தக அலமாரி ஆகியவை அதைக் குறைக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, நன்கு பதிவான ஒரு கச்சேரியில் தம்புராவை மட்டும் சிறிது நேரம் பின்தொடர்வது நல்ல பயிற்சி. தந்திக்கு அடியில் வைக்கும் நூலைச் சிறிது நகர்த்தினாலே தம்புராவின் ரீங்காரம் மாறும். அம்மாற்றத்தை நேரில் கேட்டவருக்கு, பதிவில் எது குறைகிறது என்பதும் எளிதில் புரியும். இவ்வகையில் நேரடிக் கச்சேரியே ஒலி ஆர்வலரின் அளவுகோல்.

செவிநலமும் இதில் அடங்கும். பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவில் கேட்பதைப் பாதுகாப்பான எல்லையாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. ஒலி கூடினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். உரத்த ஒலியால் உட்செவியில் அழிந்த நுண்மயிர் உயிரணுக்கள் மீண்டும் வளர்வதில்லை. பழுதான ஒலிபெருக்கியை மாற்றலாம். காதை மாற்ற முடியாது.