ஈட்டிச் சுவரை உடைப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் முதலில் செய்வது கேம் விளையாடுவதுதான். நானும் அப்படித்தான். 2004-ல் வெளியான 'ரோம்: டோட்டல் வார்' கேமில் ரோமானியப் படையை எடுத்துக் கொண்டு, எதிரே நின்ற மாசிடோனியப் படை மீது நேராக ஏவினேன். என்னிடம்தான் ஆட்கள் அதிகம். ஆனால் சில நிமிடங்களில் என் வீரர்கள் ஓட்டம் பிடித்தார்கள். மறுபடி ஆடினேன். மறுபடியும் தோல்வி! கேமில் ஏதோ 'பக்', அதாவது புரோகிராம் பிழை இருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டேன். (சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு அடுத்தவர் புரோகிராம் மீதுதான் முதல் சந்தேகம் வரும்.) வரலாற்றைப் படித்த பிறகுதான் பிழை என்னுடையது என்று புரிந்தது.

மாசிடோனியர்களின் அணிவகுப்புக்கு ஃபாலங்ஸ் என்று பெயர். வரிசைக்கு 16 பேராக 16 வரிசைகள் கொண்டது அதன் ஒரு பிரிவு. மொத்தம் 256 பேர். கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பழக்கமான எண்தான்! ஒவ்வொருவர் கையிலும் சரிஸ்ஸா என்ற மிக நீண்ட ஈட்டி இருக்கும். சுமார் 18 அடி நீளம் என்பதால் இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். முதல் ஐந்து வரிசைகளின் ஈட்டி முனைகளும் படைக்கு முன்னால் நீட்டிக் கொண்டிருக்கும். பின்வரிசைக்காரர்கள் ஈட்டியை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, பறந்து வரும் அம்புகளைத் தடுப்பார்கள். ரோமானியர்கள் வாள் வீச இடம் விட்டு நிற்பவர்கள். ஆகவே ஒரு ரோமானிய வீரன் பத்து ஈட்டி முனைகளைச் சமாளிக்க வேண்டும் என்று பாலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் கணக்குப் போட்டிருக்கிறார். என் படை ஏன் ஓடியது என்று இப்போது புரிகிறதா?

சரி, இதை எப்படித்தான் உடைப்பது? 18 அடி ஈட்டியுடன் கூட்டத்திற்குள் நிற்பவர் சட்டென்று திரும்ப முடியாது. மேடு பள்ளமான நிலத்தில் வரிசையும் குலைந்துவிடும். ரோமானியர்களோ 120 பேர் கொண்ட மேனிப்பிள் என்ற சிறு சிறு குழுக்களாக, செஸ் போர்டு கட்டங்களைப் போல இடைவெளி விட்டு நின்றார்கள். ஒரு குழுவை மட்டும் தனியே பிரித்து வேறு பக்கம் அனுப்பலாம்.

கி.மு. 197-ல் கிரேக்க நாட்டின் சைனோசெபாலே குன்றுகளில் இதுதான் நடந்தது. மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப்பின் வலது அணி, ரோமானியர்களைச் சரிவில் கீழே தள்ளிக் கொண்டே போனது. அவரது இடது அணியோ இன்னும் குன்றில் ஏறி வந்து அணிவகுத்து முடிக்கவில்லை. ரோமானியத் தளபதி ஃபிளாமினினஸ் அதன் மீது யானைகளுடன் பாய்ந்தார். அப்போது ஒரு ரோமானிய அதிகாரி 20 மேனிப்பிள்களைத் திருப்பிக் கொண்டு போய், வென்று கொண்டிருந்த வலது அணியின் முதுகில் தாக்கினார். போரின் முடிவையே மாற்றிய அவரது பெயர் வரலாற்றில் பதிவாகவில்லை!

மாசிடோனியர்கள் ஈட்டிகளை நிமிர்த்திப் பிடித்தார்கள். அது அவர்கள் சரணடையும் முறை. அர்த்தம் தெரிந்ததும் ஃபிளாமினினஸ் நிறுத்தப் பார்த்தார். அதற்குள் அவரது வீரர்களில் சிலர் பாய்ந்து வெட்டத் தொடங்கிவிட்டனர். அன்று இறந்த மாசிடோனியர்கள் சுமார் 8,000 பேர் என்கிறார் பாலிபியஸ். இப்படி ஒரு காட்சியை எந்தக் கேமிலும் நான் பார்த்ததில்லை.

இனி கேமுக்கு வருவோம். படையில் ஒரு பகுதியை மட்டும் ஃபாலங்ஸ் முன்னால் நிறுத்துங்கள். மவுஸின் வலது பட்டனை அழுத்தியபடி இழுத்தால் அணியின் அகலத்தை மாற்றலாம். எதிரி அதனுடன் மோதும்வரை பொறுத்திருங்கள். பிறகு மற்ற குழுக்களையும் குதிரைப் படையையும் நன்றாகச் சுற்றி, பின்பக்கம் அனுப்புங்கள். அவசரப்பட்டு முன்பே அனுப்பினால் எதிரி திரும்பிவிடுவான். நான் மூன்றாவது முறையும் தோற்றது இதனால்தான்.

காசு செலவழிக்க வேண்டாம் என்பவர்கள் 'ஜீரோ ஏ.டி.' என்ற இலவச கேமை டவுன்லோட் செய்து கொள்ளலாம். தன்னார்வலர்கள் உருவாக்கியது. ரோமானியர், மாசிடோனியர் இருவருமே அதில் உண்டு. ஒருமுறை மாசிடோனியர் பக்கமும் ஆடிப் பாருங்கள். முதுகுப் பக்கம் யார் வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தே கை வலிக்கும்!