வாசலில் கெடுபிடி, மதிலில் மெத்தனம்

புதுடெல்லி: பெயர் என்ன, முகவரி எது, யாரைப் பார்க்க வேண்டும்? ராணுவ நிலத்துக்குள் நுழையும் பொதுமக்கள் சந்திக்கும் கேள்விகள் இவை. பாதுகாப்புக்கு இவை அவசியமே. ஆனால், கன்டோன்மென்ட் பகுதிகளில் பொதுமக்களும் குடியிருக்கின்றனர். செகந்திராபாத்தில் சாலைகள் அடைக்கப்பட்டதால் அவர்கள் நெடுந்தூரம் சுற்றிச் செல்ல நேர்ந்தது.

சாலையை நிரந்தரமாக மூடுவதற்கு முன் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்கிறது, 2006-ம் ஆண்டின் கன்டோன்மென்ட் சட்டத்தின் 258-வது பிரிவு. இந்த நடைமுறையைப் பின்பற்றாமல் மூடப்பட்ட சாலைகளைத் திறக்குமாறு 2018 மே மாதம் பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவிட்டது. அப்போது நாட்டில் 62 கன்டோன்மென்ட்கள் இருந்தன. உத்தரவால் பாதுகாப்பு குறையும் என்று ராணுவக் குடும்பத்தினர் அஞ்சினர். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது.

ஆனால், 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கிய பயங்கரவாதிகள் வாசலில் பெயரைப் பதிந்துவிட்டு வரவில்லை. சுற்றுச்சுவர் ஏறி வந்தனர். ஏழு வீரர்கள் உயிரிழந்தனர். சுவருக்குப் போதிய காவல் இல்லை என்று உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அதே ஆண்டில் சுட்டிக்காட்டியது.

வருபவரை விசாரிப்பது பாதிக் காவல்தான். மீதிக் காவல் மதிலில் இருக்கிறது.